கருவிகளின் தங்க வயல்: கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்க்கலாமா?

ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு நெம்புகோல்கள். எதிரே ஆளைவிடப் பல மடங்கு பெரிய டிரம். அதில் சுற்றியிருக்கும் எஃகுக் கயிறு வெளியே போய், ஹெட்கியர் என்ற கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சக்கரத்தில் ஏறி, அங்கிருந்து நேராகப் பூமிக்குள் இறங்குகிறது. கயிற்றின் நுனியில் கேஜ் என்ற கூண்டு. கேஜுக்குள் ஷிப்டுக்குப் போகும் ஆட்கள். அந்த கேஜ் இப்போது எங்கே இருக்கிறது? நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது! ஆனாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், சொன்ன மட்டத்தில், வாசலுக்கு நேராக அதைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

கோலார் தங்க வயலின் விசைச் சக்கர வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை இது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் கதவைச் சாத்தியது வரை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. தங்கத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது, சினிமாவும் வந்துவிட்டது. என் ஆசையெல்லாம் அந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று பார்ப்பதுதான். ஏனென்றால் தானியங்கிக் கட்டுப்பாடும் இன்ஸ்ட்ருமென்டேஷனும் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இதைவிடச் சுவாரஸ்யமான முதல் பாடம் இருக்க முடியாது. பாடப்புத்தகம் லாப்லாஸ் உருமாற்றத்தில் தொடங்கி, பாதி வகுப்பை முதல் வாரத்திலேயே தூங்க வைத்துவிடுகிறது. கேஜிலிருந்து தொடங்குங்கள், ஒருவரும் தூங்க மாட்டார்கள்!

பாருங்கள், நாற்காலியில் இருக்கும் டிரைவருக்கு முன்னால் ஆழம் காட்டும் முள் ஒன்று இருக்கும். பல்சக்கரங்கள் வழியாக டிரம்மோடு பிணைத்தது. டிரம் சுற்றச் சுற்ற முள் இறங்கும். ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். 2 கிலோமீட்டர் ஆழத்தை 2 மீட்டர் உயர அளவுகோலில் அடைத்தால், முள் ஒரு மில்லிமீட்டர் நகர்வதும் கேஜ் ஒரு மீட்டர் நகர்வதும் ஒன்று. ஒரு மீட்டர் தவறினால் ஆள் கால் வைக்கும் இடத்தில் தரை இருக்காது! அதனால் டிரம்மின் விளிம்பிலேயே குறி போட்டு வைப்பார்கள். விளிம்பு நகரும் தூரமும் கயிறு நகரும் தூரமும் ஒன்று என்பதால் அந்தக் குறி சென்டிமீட்டர் கணக்கில் பேசும். எந்த மட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்பதை முள் சொல்லும், எங்கே நிறுத்துவது என்பதைக் குறி சொல்லும். ஒரு கருவி முழு வீச்சையும் அளக்கிறது, இன்னொன்று நுணுக்கத்தை அளக்கிறது. இன்றைக்கு ரோபோ கையில் இருக்கும் என்கோடர்களிலும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு குறும்பு இருக்கிறது. கயிறு நீளும்! அவ்வளவு நீளக் கயிற்றில் சில டன் சுமை ஏறினாலே ஒரு மீட்டர் அளவுக்கு இழுபடும். டிரம் நகரவில்லை, முள் நகரவில்லை, குறியும் நகரவில்லை; கேஜ் மட்டும் இறங்கியிருக்கும். அளவுகருவி துல்லியமாகத்தான் சொல்கிறது, ஆனால் அது டிரம்மை அளக்கிறதே தவிர கேஜை அளக்கவில்லை. நாம் அறிய விரும்புவது ஒன்று, கருவி தொட்டுப் பார்ப்பது வேறொன்று. இந்த இடைவெளியை ஒரு தடவை புரிந்துகொண்டவர், பிறகு எந்த மீட்டரின் முன்னால் நின்றாலும் முதலில் கேட்பது, ‘இது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது?’ என்பதுதான். கீழேயிருந்து வரும் மணி இந்த இடைவெளியை அடைக்கிறது. கேஜ் ஓடும்போது ஒற்றை மணி அடித்தால் ‘நில்’. கீழே நிற்பவர் கண்ணால் பார்த்து அனுப்பும் ஃபீட்பேக் அது.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டிரைவர் அசந்துவிட்டால்? நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கேஜ் மேலே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 50 மீட்டருக்கு அவருக்கு 5 நொடிதான் இருக்கிறது. சுரங்க உலகம் முழுக்கப் பேர் வாங்கிய லில்லி கண்ட்ரோலர் இங்கேதான் வருகிறது. வேகம் கூடினால் விரியும் குண்டுகள் ஒரு பக்கம், கேஜின் இருப்பிடத்துக்கு ஏற்ப மெல்லத் திரும்பும் கேம் தகடு இன்னொரு பக்கம். அந்தத் தகட்டின் வளைவு, இந்த ஆழத்தில் இவ்வளவு வேகம்தான் போகலாம் என்று வெட்டி வைத்த சட்டம். உண்மையான வேகத்தையும் அனுமதித்த வேகத்தையும் அந்த இரும்புக் கைகள் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் மீறினால் எச்சரிக்கை மணி. மேலும் மீறினால் மின்சாரத்தைத் துண்டித்து பிரேக்கைப் போட்டுவிடும். சிப் கிடையாது, புரோகிராம் கிடையாது. ஒப்பிட்டு முடிவெடுப்பதெல்லாம் இரும்பு! செட் பாயிண்ட், அளந்த மதிப்பு, இரண்டுக்கும் உள்ள பிழை, அதன்மேல் நடவடிக்கை என்று கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைகிறார்களே, அத்தனையும் இங்கே கிரீஸ் பூசிக்கொண்டு நிற்கிறது.

பிரேக்கையும் பாருங்கள். அதைப் போடச் சக்தி தேவையில்லை. எடுக்கத்தான் சக்தி தேவை. காற்றழுத்தமோ எண்ணெய் அழுத்தமோ அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். அழுத்தம் போனால் எடைக்கட்டி தானாக விழுந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்க வயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்த நாளில் உலகத்திலேயே மிக நீளமான மின் தடங்களில் ஒன்று அது. அத்தனை தூரத்திலிருந்து வரும் மின்சாரம் எந்த நொடியிலும் போகலாம் என்று நினைத்துத்தான் இயந்திரம் கட்ட வேண்டும். போனால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

சரி, கல் மேலே வந்துவிட்டது. வாங்க, மில் பக்கம் போவோம்.

தங்க வயலில் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை எங்கே நின்று பார்த்தாலும் கண்ணில் படுகிறதே சயனைடு மேடு, 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்திருக்கும் சாம்பல் மண், அது மொத்தமும் தொட்டிகள் வழியாக வந்ததுதான். கல்லை மாவாக அரைத்து, தண்ணீரோடு குழம்பாக்கி, சயனைடு சேர்த்துக் காற்றூதினால் தங்கம் கரைந்து வரும். இதில் சுண்ணாம்பு எதற்கு? உயிர் காக்க! குழம்பு நல்ல காரமாக, பி.எச். 10.5 பக்கத்தில் இருக்கும் வரை சயனைடு கரைசலுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். பி.எச். 9-ஐ நோக்கி இறங்கினால் அது விஷ வாயுவாக வெளியேறத் தொடங்கும். தங்கத்தைக் கரைக்க வேண்டிய சரக்கும் வீண், அங்கே நிற்பவர் உயிருக்கும் ஆபத்து.

பழைய தங்க ஆலைகளில் இதை அளந்த விதம் அழகானது. தொட்டிக் கரைசலை வடிகட்டி, பொட்டாசியம் அயோடைடு சில சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். விழும் இடத்தில் மங்கல் தோன்றும், ஆட்டினால் மறையும். மறையாமல் இளமஞ்சள் நிற்கும் சொட்டில் கை நிற்க வேண்டும். அதுதான் சயனைடு கணக்கு. பிறகு ஃபினால்ஃப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு மறையும் வரை ஆக்ஸாலிக் அமிலம். அது சுண்ணாம்புக் கணக்கு. அளவு பார்த்து, ஆளை அனுப்பி, சுண்ணாம்பைக் கூட்டச் சொல்லி, சில மணி நேரம் கழித்து மறுபடி மாதிரி எடுக்க வேண்டும். முழு கட்டுப்பாட்டு வளையமே இதுதான். மனிதர்களின் கால்களால் ஓடிய வளையம்.

அதைக் கருவியிடம் ஒப்படைக்கும்போதுதான் வேடிக்கை! பி.எச். ஒரு எண் இறங்கினால் காரம் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் ஒரு இடத்தில் ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கே துள்ளிக் குதிக்கும் மீட்டர், இன்னொரு இடத்தில் மூட்டை கொட்டினாலும் அசையாது. போட்ட சுண்ணாம்பு கலந்து, பி.எச். அளக்கும் எலக்ட்ரோடு இருக்கும் இடத்துக்கு வரச் சில நிமிடமாகும். உப்புப் பற்றவில்லை என்று சாம்பாரில் போட்டு, அது கரையும் முன்பே ருசி பார்த்து இன்னொரு கை போட்டால் என்ன ஆகும்? அவசரக்கார கண்ட்ரோலர் அதைத்தான் செய்யும். பி.ஐ.டி. என்ற மூன்றெழுத்து இதற்காகத்தான். பி என்பது இப்போதைய பிழைக்குத் தக்கபடி சுண்ணாம்பு வால்வைத் திறப்பது. அது மட்டும் இருந்தால் பிழை கொஞ்சம் மிச்சம் நின்றுவிடும். ஐ, அந்த மிச்சத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துத் தீர்த்துக் கட்டும். டி, பிழை எந்த வேகத்தில் மாறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே கையைப் பிடிக்கும்.

இந்த மூன்றையும் எவ்வளவு வைப்பது? 1942-இல் சீக்ளர், நிக்கல்ஸ் என்ற இரண்டு பேர் வெளியிட்ட வழியைக் கேட்டால் சிரிப்பு வரும். வளையத்தை வேண்டுமென்றே ஆட விடுங்கள் என்றார்கள்! பி-யை மட்டும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வால்வும் மீட்டரும் ஓயாமல் ஒரே சீராக ஆடத் தொடங்கும் எல்லையில் நிறுத்தி, அந்த பி மதிப்பையும் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பி-க்கு அந்த மதிப்பில் 0.6 பங்கு, ஐ-க்கு அந்த நேரத்தில் பாதி, டி-க்கு அதே நேரத்தில் எட்டில் ஒன்று. முடிந்தது, மூன்று எண்ணும் கையில்! சயனைடுத் தொட்டியில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. கல்லூரி லேபில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் தாராளமாகச் செய்யலாம். முதல் முறை அலை ஆடி, பிறகு எண்களைப் போட்டதும் திரையில் கோடு சட்டென்று படிந்து நேராகும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அதே லேபில் வருடா வருடம் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. “சார், டிரான்ஸ்மிட்டர் 4-லிருந்து 20 மில்லி ஆம்பியர் அனுப்புது. ஏன் சார் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கல?” நல்ல ஆசிரியர் பதில் சொல்ல மாட்டார். “தம்பி, அந்த ஒயரைக் கொஞ்சம் கழட்டு” என்பார். மீட்டர் பூஜ்யத்துக்கு விழும். தொட்டி காலியாக இருந்தாலும் 4 வர வேண்டும். பூஜ்யம் வந்தால் ஒயர் போச்சு என்று அர்த்தம். தொட்டி காலி என்பதும் செய்தி வரவில்லை என்பதும் வேறு வேறு அல்லவா! பழைய காற்றுக் கருவிகளிலும் இப்படித்தான், 3-லிருந்து 15 பி.எஸ்.ஐ. வரை. 1949-இல் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. தொடங்கியபோதே இதையெல்லாம் சொல்லித்தரும் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜியைத் தனிப் பாடமாக வைத்தார்கள். எவ்வளவு தொலைநோக்கு! இன்று மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறி பெங்களூரு தொழிற்சாலைகளுக்கு ஓடும் தங்க வயல் இளைஞர்களுக்கு அந்த 4-20 சோறு போடும் பாடம். சுரங்கம் மூடியதும் ஊருக்குக் கிடைத்த வழி அந்த ரயில்தான். கைத்தொழில் தெரிந்த இந்த ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பாடத்தை விட்டுவிடக் கூடாது என்பது என் தீராத ஆசை.

மறுபடி சுரங்கத்துக்குள் போவோம், இந்தத் தடவை காதைத் தீட்டிக்கொண்டு. ஆழம் கூடக் கூடப் பாறை மேல் அழுத்தம் ஏறி, திடீரென்று வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட். தங்க வயல் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றும் வயிறு கலங்கும். எங்கே வெடித்தது என்று அறிய ஜியோபோன்கள் வைத்தார்கள். ஸ்பிரிங்கில் தொங்கும் சுருளும் காந்தமும், அவ்வளவுதான். தரை அதிர்ந்தால் துளி மின்னழுத்தம் எழும். 1970-களின் கடைசியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு இப்படி ஒரு வலைப்பின்னலே விரிந்தது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் இங்கேயே பிறந்தது. கெட்டிப் பாறையில் அதிர்வு நொடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடும். ஒவ்வொரு ஜியோபோனுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைப் பிடிக்கலாம். கடிகாரம் ஒரு மில்லி நொடி பிசகினால் இடம் 6 மீட்டர் பிசகும்!

இனி உச்சக்கட்டம். சாம்பியன் ரீஃபில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் குகை. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் குழுவினர், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து நியூட்ரினோ என்ற துகளுக்குக் காத்திருந்தார்கள். எதிரெதிரே, துகள் பட்டால் மினுங்கும் இரண்டு பிளாஸ்டிக் சின்டிலேட்டர் சுவர்கள், நடுவே ஈயமும் நியான் குழாய் அடுக்குகளும். ஒரு சுவர் மட்டும் மினுங்கினால் சுற்றுப் பாறையின் கதிரியக்கமாக இருக்கலாம், கருவியின் இரைச்சலாகவும் இருக்கலாம், கண்டுகொள்வதில்லை. இரண்டு சுவரும் ஒரே கணத்தில் மினுங்கினால்தான் உயர் மின்னழுத்தம் பாயும், நியான் குழாய்கள் துகள் போன வழியில் ஒளிரும், கேமரா படம் பிடிக்கும்! தலைக்கு மேல் இருந்த அத்தனை பாறையும் காஸ்மிக் கதிர்களை வடிகட்டிவிட, பக்கவாட்டில் வந்த தடங்கள் நியூட்ரினோ பிறப்பித்தவை என்று தெரிந்தது. வளிமண்டல நியூட்ரினோவின் முதல் அறிவிப்பு 1965 ஆகஸ்டில் தங்க வயலிலிருந்து அச்சேறியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேட்டையில் இருந்த குழுவின் கட்டுரை அடுத்த இரண்டே வாரத்தில் வந்தது. 1980-இல் அதே ஆழத்தில் இன்னொரு பேராசை: புரோட்டான் அழிகிறதா என்று பார்க்க 140 டன் இரும்பு, சுமார் 1,600 கவுண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் வாயு நிரப்பி, மின்னழுத்தம் சரிபார்த்து, எது உண்மையான துடிப்பு, எது வெற்று இரைச்சல் என்று பிரித்து, 1,600-ஐயும் வருடக் கணக்கில் ஒரே சுருதியில் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்தவர்களும் மற்றவர்களைப் போலவே தினம் கேஜில் ஏறித்தான் வேலைக்குப் போனார்கள்.