சுவரில் எழுதிய வேண்டுதல்



இறந்த நம் சகோதர சகோதரிகளை நினைத்துச் செபிக்கும் நவம்பர் மாதத்தில் இருக்கிறோம். கல்லறைகளைச் சுத்தம் செய்து, மெழுகுதிரி ஏற்றி, பூசைக்குக் கருத்து எழுதிக் கொடுக்கிறோம். அந்த நேரத்தில் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை: நாம் போன பிறகு நமக்காக யார் செபிப்பார்கள்? இந்தக் கேள்வியிலிருந்து எழுந்த ஓர் ஆலயத்தைப் பற்றி இன்று சிந்திப்போம்.

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் லாங் மெல்ஃபோர்டு என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள பங்கு ஆலயம் மூவொரு கடவுளின் பெயரால் அழைக்கப்படுகிறது. 15-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் கம்பளித் துணி வியாபாரத்தால் செழித்தது. துணி வியாபாரிகளும் நிலக்கிழார்களும் பொதுமக்களும் சேர்ந்து, ஏறக்குறைய 1467 முதல் 1497 வரை, பழைய கோவிலைப் புதுப்பித்துக் கட்டினார்கள். ஊரோ சிறியது, கோவிலோ பேராலயம் போலப் பெரியது.

அந்தப் பகுதியில் நல்ல கட்டடக் கல் கிடைப்பதில்லை. கிடைப்பது சிக்கிமுக்கிக் கல்தான். அதை உடைத்தால் உள்ளே கருமையாக மின்னும். அந்தக் கருங்கற்களை, வெளியூரிலிருந்து வரவழைத்த வெளிர்நிறச் சுண்ணாம்புக் கல்லின் நடுவே பதித்து, சுவரெங்கும் கோலம் போட்டதுபோல் அழகு செய்தார்கள். உள்ளே மெல்லிய தூண்கள். மேலும் கீழுமாக இரண்டு வரிசைச் சன்னல்கள். சுவரைவிடக் கண்ணாடியே அதிகம் என்று சொல்லும்படி வெளிச்சம் நிறைந்த கோவில் அது.

ஆனால் நாம் நின்று பார்க்க வேண்டியது வேறொன்று. ஆலயத்தின் வெளிப்புறம், மேற்கூரையின் விளிம்பை ஒட்டி, நீளமாக எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொருள் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. 1481-ஆம் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து வரிசை, ராஜர் மோரியல் என்பவரின் பொருளைக் கொண்டு ஆறு வளைவுகள் புதுப்பிக்கப்பட்டதைச் சொல்கிறது. இன்னொன்றில் பங்குக் குருவின் பெயரும் இருக்கிறது. ஏழு வளைவுகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில், இவ்வூரின் நல்மனத்தோர் உதவியோடு என்று பெயர் சொல்லப்படாதவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். இந்தப் பெயர்களுக்கு முன்னால் வருவது, இவர்களுடைய ஆன்மாக்களுக்காகச் செபியுங்கள் என்ற வேண்டுதல். 'நாங்கள் கொடுத்தோம்' என்று பெருமை பேசுவதற்கல்ல, 'எங்களை மறந்துவிடாதீர்கள்' என்று கேட்பதற்காகவே அந்த எழுத்துகள்.

இந்தத் திருப்பணியில் முன்னின்றவர் ஜான் கிளாப்டன். 1462-இல் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் பிடிபட்டார். அவரோடு பிடிபட்ட ஆக்ஸ்ஃபோர்டு பிரபு தலை வெட்டப்பட்டு இறந்தார். கிளாப்டன் உயிர் தப்பினார். சாவின் வாசல்வரை சென்று வந்த அந்த மனிதர், தமக்கென்று ஒரு கல்லறையைப் பீடத்தின் வடக்கே அமைத்தார். பெரிய வெள்ளியன்று சிலுவையையும் நற்கருணையையும் ஆண்டவரின் கல்லறையாக ஓரிடத்தில் வைத்து, பாஸ்கா விடியல்வரை விழித்திருப்பது அக்கால வழக்கம். கிளாப்டனின் கல்லறையே அந்த இடமாகப் பயன்பட்டது. மேலே வளைவில் உயிர்த்த ஆண்டவரின் ஓவியம். 1497-இல் இறந்த அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆண்டவரின் கல்லறைக்குக் கீழே என் எலும்புகள் கிடக்கட்டும், அவரோடு நானும் எழுவேன் என்ற விசுவாசத்தை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஐம்பது ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டது. எட்டாம் ஹென்றி அரசர் திருத்தந்தையோடு உறவை முறித்தார். 1547-இல், இறந்தோருக்குப் பூசை வைக்க ஏற்படுத்திய நிதிகளும் சிற்றாலயங்களும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. சுரூபங்கள் அகற்றப்பட்டன. மேரி அரசியின் காலத்தில் பழைய வழிபாடு சிறிது காலம் திரும்பியது. எலிசபெத் அரசி வந்தபின் மீண்டும் போயிற்று.

இதையெல்லாம் கண்ணால் கண்டவர் அவ்வூரைச் சேர்ந்த ராஜர் மார்ட்டின். கத்தோலிக்க விசுவாசத்தை விடாதவர். தாம் அறிந்த ஆலயம் எப்படி இருந்தது என்று பின்னாளில் எழுதி வைத்தார். குருத்து ஞாயிறன்று நான்கு பேர் விதானம் பிடிக்க, நற்கருணைப் பவனி கோவிலைச் சுற்றி வரும். சிறு கோபுரத்தின் மேல் ஒரு சிறுவன் நின்று, இதோ அரசர் வருகிறார் என்று பாடிச் சுட்டிக்காட்டுவான். எல்லாரும் முழந்தாளிடுவார்கள். மார்ட்டின் குடும்பத்தின் பீடத்தில் இருந்த, இரு கள்வரோடு சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் வேலைப்பாட்டை அவர் தம் வீட்டில் வைத்துப் பாதுகாத்தார். அது சிதைந்துபோயிருந்தது. என்றாவது ஒருநாள் தம் வாரிசுகள் அதைச் செப்பனிட்டு மறுபடி வைப்பார்கள் என்று நம்புவதாக எழுதினார். 1615-இல் இறந்தார். அந்த நாளை அவர் காணவில்லை.

இன்று அது ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆலயம். பின்புறத்தில் உள்ள மாதா சிற்றாலயம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாயிற்று. பிள்ளைகள் படித்த பெருக்கல் வாய்ப்பாடு இன்றும் சுவரில் இருக்கிறது. மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் வெண்பளிங்குச் சிற்பம் ஒன்று, 18-ஆம் நூற்றாண்டில் தரைக்கு அடியிலிருந்து கிடைத்தது. ஒரு சிறு கண்ணாடியில் மூன்று முயல்கள் வட்டமாக ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரு காதுகள் தெரிந்தாலும் மொத்தம் மூன்றே காதுகள். மூவொரு கடவுளின் அடையாளமாக அதைக் காண்பது வழக்கம். வெளிச்சுவரின் எழுத்துகளும் இருக்கின்றன. இறந்தோருக்கான செபம் நாட்டில் தடைபட்ட காலத்திலும் அவை கேட்டுக்கொண்டே இருந்தன: எங்களுக்காகச் செபியுங்கள்.

அன்பு இறைமக்களே, நாமும் ஆலயத்துக்குக் கொடுக்கிறோம். இருக்கையிலும் மின்விசிறியிலும் 'உபயம்' என்று பெயர் எழுதுகிறோம். அது தவறல்ல. ஆனால் அந்தப் பெயரைப் படிக்கும்போது, கொடுத்தவருக்காக ஒரு சிறு செபம் சொல்கிறோமா? இறந்தோரின் பாவம் நீங்க மன்றாடுவது புனிதமான எண்ணம் என்று மக்கபேயர் இரண்டாம் நூல் கற்பிக்கிறது. நாம் உயிருள்ள கற்கள் என்கிறார் புனித பேதுரு. கல்லின்மேல் கல் தாங்கினால்தான் சுவர் நிற்கும். நமக்கு முன்னே போனவர்களை நம் செபம் தாங்கட்டும். நமக்குப் பின்னே வருகிறவர்கள் நம்மைத் தாங்குவார்கள்.

இந்த வாரம் திருப்பலிக்கு வரும்போது, நம் கோவிலில் எழுதியிருக்கும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்போம். நமக்குத் தெரியாதவராய் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குப் போகுமுன் அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்வோம்.

ஆண்டவரே, இறந்த விசுவாசிகளின் ஆன்மாக்களுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். ஆமென்.