ஒரு டிஸ்க்கா, இரண்டு டிஸ்க்கா?

சென்னை ரிச்சித் தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்து, "வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓர் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்டும்" என்று கேட்டாலும், கடைக்காரர் முதலில் போடும் கேள்வி, "எத்தனை டி.பி., ஸார்?" என்பதுதான். நாமும் கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல் நான்கு என்றோ ஐந்து என்றோ சொல்லி, பணத்தைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம். கடைக்காரர்மீது குற்றமில்லை, அவர் அளந்து விற்கிறவர். ஆனால் வாங்குகிறவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய முதற்கேள்வி வேறு: இந்த டிஸ்க் ஒரு நாள் காலையில் உயிர் பெறாமலே போனால், நம் வீட்டில் எது அழியும்?

இக்காலத்துக் குடும்பங்களில் அழியக்கூடியது அற்பமன்று. பாட்டனார் காலத்துப் போட்டோக்கள், பெண்ணின் கல்யாண வீடியோ, பிள்ளையின் சர்ட்டிபிகேட்டுகள், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் இன்று பீரோவில் இருப்பதைவிடக் கம்ப்யூட்டரில்தான் அதிகமாக இருக்கின்றன. நம் நண்பர் ஒருவர், காலஞ்சென்ற தம் தாயார் பாடிய தாலாட்டுக்களைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் இடம் போதவில்லையென்று அவற்றை ஒரு புது டிஸ்க்கிற்கு மாற்றிவிட்டார். "பேக்-அப் எடுத்தாயிற்று" என்று மன நிம்மதியுடனும் இருந்தார். ஓடிக்கொண்டிருந்த டிஸ்க், மேஜையிலிருந்து ஒரு முறை கீழே விழுந்தது, அவ்வளவுதான். இழந்ததை மீட்டுத் தருவோரிடம் டிஸ்க்கின் விலையைப்போல் பல மடங்கு கொடுத்தும், பாதிப் பாட்டுக்களே திரும்பி வந்தன. ஒரே பிரதியைப் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு மாற்றினால் அதற்குப் பேக்-அப் என்று பெயராகாது. அது வீடு மாற்றம், அவ்வளவே.

விழுந்தால் இவ்வளவு ஆபத்து ஏன் என்பதை அறியச் சற்று உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும். ஹார்ட் டிஸ்க் என்பது காந்தப் பூச்சுள்ள தட்டுக்கள் சுழலும் ஒரு யந்திரம். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் முதன்முதலாக இதை வெளியிட்டபோது, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்களில் 50 லக்ஷம் எழுத்துக்களே அடங்கின. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அந்த இடம் ஏறக்குறைய சரியாகப் போய்விடும்! இப்போது சட்டைப் பையில் அடங்கும் டிஸ்க்கின் தட்டு, பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 முறை சுழலுகிறது. எழுதும் ஊசிமுனை தட்டைத் தொடுவதேயில்லை. தலைமயிரின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் காற்றில் மிதந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் மேஜையைத் தட்டினாலே அபாயம் என்றால், தரையில் விழுந்தால் கேட்கவேண்டியதில்லை.

எஸ்.எஸ்.டி. என்னும் மற்றோர் இனத்தில் சுழலும் தட்டே கிடையாது. எல்லாம் சிலிக்கன் சில்லுக்களில் மின்னேற்றமாகப் பதிந்திருக்கும். விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், வேகமோ பன்மடங்கு. ஒவ்வொரு நாளும் பையில் போட்டுக்கொண்டு பிரயாணம் செய்கிறவர்களுக்கு இதுவே ஏற்றது. ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை அதிகம். அன்றியும், மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அம்மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்துபோகும். ஆகவே, மாதம் ஒரு முறை எடுத்து, பிரதி செய்து, திரும்பவும் பீரோவில் வைக்கும் குடும்பத்துக்குச் சுழலும் டிஸ்க்கே போதும் என்பது நம் அபிப்பிராயம்.

தட்டு டிஸ்க்கிலும் இரண்டு வகை உண்டு. கையடக்கமானது கம்ப்யூட்டரிலிருந்தே மின்சாரம் பெற்றுக்கொள்ளும். பெரியதற்குத் தனி அடாப்டர் வேண்டும். மேஜையை விட்டு நகராது. வீட்டுக்கு முதல் வகையே சௌகரியம். இந்தச் சிறு டிஸ்க்குகள் பலவற்றில் பதிவு வரிகளை ஓட்டு வீட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று சிறிது கவிந்திருக்கும்படி எழுதுகிறார்கள். இடையில் ஓர் ஓட்டை மாற்றவேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து வேயவேண்டுமல்லவா? அதனால், இடைவிடாமல் எழுதிக்கொண்டே போனால் வேகம் குன்றும். இதைக் கண்டு டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை.

இனிக் கொள்ளளவுக்கு வருவோம். செல்போன் போட்டோ ஒன்று 4 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், 50,000 போட்டோக்களும் 200 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். இடத்தை விழுங்குவது வீடியோதான். 4-கே வீடியோ நிமிஷத்துக்கு 300 எம்.பி. என்று கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 18 ஜி.பி. ஆகும். உங்கள் வீட்டில் இப்போது இருப்பதைக் கூட்டி, அதைப்போல் இரண்டு மடங்கு வாங்குங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு 1 டி.பி. அல்லது 2 டி.பி.யில் வேலை முடிந்துவிடும். "5 டி.பி. விலை கொஞ்சந்தானே அதிகம்?" என்ற ஆசை வார்த்தைக்குச் செவி சாய்க்கவேண்டாம். அந்தப் பணத்தில் வேறொன்று செய்யவேண்டியிருக்கிறது.

1 டி.பி. என்று வாங்கி வந்த டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக அளக்கிறார்கள். விண்டோஸோ 1,024-ஆக அளக்கிறது. ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த நம் தேசத்தில் இது புதுமையா என்ன? படிதான் வேறு, அரிசி குறையவில்லை.

மெய்யாகவே அரிசி குறைகிற இடம் ஒன்று உண்டு. இன்டர்நெட்டில் 16 டி.பி. என்று சொல்லி, இரண்டு சினிமா டிக்கெட்டு விலைக்கு விற்கிறார்களே, அதன் உள்ளே ஒரு சிறு மெமரி கார்டு மட்டும் ஒட்டியிருக்கும். பொய் அளவு சொல்லும்படி அதைப் பழக்கியிருப்பார்கள். நிறைந்த பிறகும் அது ஃபைல்களை வாங்கிக்கொண்டே போகும், பெயர்களும் தெரியும், திறந்தால் ஒன்றுமிராது. டிஸ்க் முழுவதையும் நிரப்பி, பின் படித்துப் பார்க்கும் இலவச ப்ரோக்ராம்கள் இருக்கின்றன. எந்த டிஸ்க்கை வாங்கினாலும் முதல் இரவு அதை ஓட்டிப் பார்ப்பது நலம்.

சுதேசிச் சரக்காக வாங்கலாமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். இன்று உலகத்தில் தட்டு டிஸ்க் செய்வோர் மூவரே: சீகேட், வெஸ்டர்ன் டிஜிடல், தோஷிபா. மேலே எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும் உள்ளே இம்மூவரில் ஒருவருடைய சரக்குத்தான். 2011-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது, உலகமெங்கும் டிஸ்க் விலை உயர்ந்தது. சந்திரனுக்கு விண்கலம் அனுப்பிய தேசத்தவர் எவரும் இம்மூவரில் ஒருவராக இல்லையே என்பது நமக்கு வருத்தமே.

மூவரில் யார் உயர்ந்தவர் என்ற ஆராய்ச்சியில் காலம் போக்குவது வீண். அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்னும் கம்பெனி, தன்னிடம் இரவு பகலாக ஓடும் லக்ஷக்கணக்கான டிஸ்க்குகளில் எத்தனை கெட்டன என்று கணக்கெடுத்து வெளியிட்டு வருகிறது. 2023-ஆம் ஆண்டின் கணக்கு நூற்றுக்கு 1.4. வீட்டு டிஸ்க்கின் வாழ்க்கை வேறு மாதிரியானதென்றாலும், இதையே கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு டிஸ்க்கை மட்டும் நம்பியிருக்கும் எழுபது வீடுகளில், ஏறக்குறைய ஒரு வீட்டில் இந்த வருஷம் அழுகை. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு டிஸ்க் இருந்து, இரண்டிலும் அதே பிரதி இருந்தால்? இரண்டும் ஒரே வருஷத்தில் கெடுவது ஏறக்குறைய ஐயாயிரம் வீடுகளில் ஒன்றில்தான். எந்தக் கம்பெனியின் விலையுயர்ந்த டிஸ்க்கும் இவ்வளவு பெரிய பாதுகாப்பைத் தராது. 5 டி.பி.யில் ஒன்று வாங்க நினைத்தவர்கள் 2 டி.பி.யில் இரண்டு வாங்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் இந்தக் கணக்கு, இரண்டு டிஸ்க்குகளும் ஒரே பீரோவில் இல்லாதவரையில்தான் செல்லும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில், எத்தனை பிரதிகள் என்று தண்ணீர் எண்ணிப் பார்க்கவில்லை. திருடனும் அப்படித்தான். ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, மற்றொன்றை வேறு ஊரிலுள்ள தம்பி வீட்டிலோ, மகள் வீட்டிலோ வைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சிட்ட மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள், ஓர் ஏட்டில் சிதைந்துபோனதை வேறோர் ஊர் ஏட்டிலிருந்து மீட்க முடிந்தது, பிரதிகள் ஊர் ஊராய்ச் சிதறிக் கிடந்ததனால்தானே?

வீட்டிலிருக்கும் டிஸ்க்கையும் எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருக்கலாகாது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் பரவிய 'வான்னாக்ரை' போன்ற வைரஸ்கள் கம்ப்யூட்டரில் உள்ளதைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவை. இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். பிரதி முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்து, சுழற்சி நின்றபின் எடுத்து உறையில் வையுங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. யு.எஸ்.பி. 3.0 முனையில் செருகினால், 500 ஜி.பி.யைப் பிரதி செய்ய ஒன்றரை மணி நேரம் போதும்; பழைய 2.0 முனையில் நான்கு மணி நேரமாகும். சிறு ஃபைல்கள் ஏராளமாக இருந்தால் இரண்டிலும் இன்னும் தாமதமாகும். விண்டோஸும் மாக்கும் கலந்த வீடானால் டிஸ்க்கை 'எக்ஸ்-ஃபாட்' முறையில் ஃபார்மட் செய்துகொள்ளவேண்டும். காரன்டி இரண்டு வருஷமா, மூன்று வருஷமா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஆனால் காரன்டியில் கிடைப்பது புது டிஸ்க். அதில் உங்கள் தாயாரின் குரல் இராது.

பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டும் வசதி பல டிஸ்க்குகளில் உண்டு. தம்பி வீட்டுக்குப் போகும் பிரதிக்கு, அதில் வீட்டுப் பத்திரமும் பாங்கிக் கணக்கும் இருந்தால், பூட்டு அவசியந்தான். ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் மறந்தால் உடைத்துத் திறக்க எந்தக் கொல்லனும் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் அதை அறிந்தவர் குடும்பத் தலைவர் ஒருவரே. அதை ஒரு நோட்டில் தெளிவாக எழுதி, நகைப் பெட்டியுடன் வைத்து, வீட்டில் அம்மாவுக்கும் மூத்த குழந்தைக்கும் இடத்தைச் சொல்லிவைக்கவேண்டும். டிஸ்க்கின்மேல் வாங்கிய தேதியையும் கடைசியாகப் பிரதி எடுத்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த முறை யார் எடுத்தாலும் தெரியும்.