கடன்காரனுக்கும் வேண்டும் ஒரு சிறுவாடு!

எதிர்பாராத செலவுக்கு நம் வீட்டு விலாசம் நன்றாகத் தெரியும். தேதியும் தெரியும். சம்பளம் வருகிற ஒன்றாம் தேதி அது எட்டிக்கூடப் பார்க்காது. இ.எம்.ஐ.க்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போன அஞ்சாம் தேதி ராத்திரி, நீங்கள் 'அப்பாடா' என்று லுங்கி மாற்றிக்கொண்டு உட்காரும் நேரம் பார்த்து, ஃபிரிட்ஜ் 'கர்ர்ர்' என்று கடைசி மூச்சு விடும்.

கடன் இல்லாதவன் வீட்டில் ஃபிரிட்ஜ் கெட்டால் அது ஃபிரிட்ஜ் பிரச்னை. மெக்கானிக் வருவார், முடிந்தது. கடன் கட்டிக்கொண்டிருக்கிறவன் வீட்டில் கெட்டால் அது அடுத்த மூன்று மாசத்துப் பிரச்னை. (தமிழில் கொடுத்தவரும் கடன்காரர்தான், வாங்கியவரும் கடன்காரர்தான். இந்தக் கட்டுரை வாங்கியவர்களுக்கு. கொடுத்தவர்கள் ஜோக்ஸ் பக்கத்துக்குப் போய்விடலாம்.)

முதலில் ஒரு சின்ன விசாரணை. நாம் 'எதிர்பாராத செலவு' என்று தலையில் கை வைக்கிறோமே, அதில் பாதி உண்மையில் எதிர்பாராததுதானா?

பைக் இன்ஷூரன்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவை முடியும் என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். தீபாவளி எந்தத் தேதி என்று போன ஜனவரியிலேயே காலண்டர் சொல்லிவிட்டது. தங்கையின் காலேஜ் ஃபீஸ் ஜூன் மாசம் வரும் என்பதற்கு ஜோசியர் வேண்டாம். இதெல்லாம்கூடப் போகட்டும். தாய்மாமன் சீர்? அக்கா கழுத்தில் மூன்று முடிச்சு விழுந்த அன்றைக்கே, என்றைக்காவது ஒருநாள் காது குத்து வரும், மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், மடி சும்மா இருக்கக் கூடாது, கையில் தட்டும் தங்கமும் இருக்க வேண்டும் என்று தெரியாதா என்ன? பத்திரிகை வந்த அன்றைக்குத்தான் 'ஐயோ, திடீர்னு வந்துடுச்சே' என்று அலறுகிறோம். குழந்தைக்கு மொட்டை போட்டபோதே ஒரு முன்னறிவிப்பு வந்ததே, சார்!

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் தனியார் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். நான் பி.காம். என்பது தெருவுக்கே தெரிந்துபோனதால் எல்லோரும் கணக்கோடு வருவார்கள், அவரும் வந்தார். போன வருஷத்து பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஜிபே வரலாற்றையும் வைத்துக்கொண்டு 'திடீர்' செலவுகளை மட்டும் தனியே எழுதினோம். பைக் சர்வீஸும் இன்ஷூரன்ஸும் 6,000. மொய் 10,000. தீபாவளி 12,000. தங்கை ஃபீஸில் இவர் பங்கு 14,000. அக்கா பையன் காது குத்து 18,000. ஆக மொத்தம் 60,000. பன்னிரண்டால் வகுத்தால் மாசம் 5,000.

"என்னண்ணா இது, மாசாமாசம் 5,000 ரூபாய் திடீர்னு வருதா?" என்றார்.

"ஆமா தம்பி. மாசாமாசம் வர்றதுக்குப் பேர் திடீர் இல்ல. வாடகை மாதிரி அதுவும் ஒரு செலவு."

சரி, மீதிப் பாதி? அது நிஜமாகவே சொல்லாமல் வருவது. ஆஸ்பத்திரி, விபத்து, ஊரில் ஒரு சாவு, வேலை போவது. இதற்குத் தேதி கிடையாது. இந்த இடத்தில்தான் கடன் கட்டுகிற நல்ல பிள்ளைகள் எல்லோரையும்விட அதிகமாக அடிபடுகிறார்கள். நல்ல பிள்ளைகளா? ஆமாம், ஏமாற்றுகிறவனுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

தம்பி கதையையே சொல்கிறேன். பர்சனல் லோன் 3 லட்சம். 14 சதவீத வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ. 10,253 ரூபாய். முதல் மாசத் தவணையில் வட்டிக்கு மட்டும் 3,500 போனதைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நியாயமான கொதிப்பு. போனஸும் சேமிப்பும் சேர்த்து 40,000 வந்தது. அதில் டீ குடிக்கக்கூட எடுக்காமல் முழுசாக லோனில் கட்டிவிட்டார். கணக்கில் மிச்சம் அறுநூற்றுச் சொச்சம். அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி!

மூன்றாவது வாரம் ஊரில் அப்பாவுக்குக் கிட்னியில் கல். வலி தாங்காமல் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அட்வான்ஸ் 25,000. தம்பியிடம் இருந்தது கிரெடிட் கார்டு. தேய்த்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். லோனில் கட்டிய பணத்தில் அந்த 25,000 அவருக்கு மிச்சப்படுத்திய வட்டி, 14 சதவீதத்தில், மாசம் சுமார் 292 ரூபாய். அதே 25,000-க்குக் கார்டுக்காரர் கேட்கும் வட்டி? மாசம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால் 875. வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. ஆக 1,032 ரூபாய் சொச்சம். ஒரு பக்கம் 292 லாபம், மறு பக்கம் 1,032 நஷ்டம். மலிவான கடனை அடைத்துவிட்டு, விலையுயர்ந்த கடனை வாங்கியிருக்கிறார்!

"ஏண்ணா, 40,000 முன்கூட்டியே கட்டியிருக்கேனே... இந்த மாச இ.எம்.ஐ.யை விட்டுட மாட்டாங்களா?" என்று கேட்டார். நிறையப் பேருக்கு இந்த நினைப்பு இருக்கிறது. விட மாட்டார்கள். முன்கூட்டிக் கட்டியது அசலில் கழியும். கடைசியில் சில தவணைகள் குறையும், அல்லது தவணைத் தொகை குறையும். அடுத்த அஞ்சாம் தேதி தவணை வழக்கம்போல வந்து நிற்கும். 'போன மாசம் அவ்வளவு கட்டினேனே' என்கிற பேச்சு பேங்க் கம்ப்யூட்டரிடம் எடுபடாது. கட்டின பணத்தைத் திருப்பியும் கேட்க முடியாது. வீட்டுக்கடனில் ஓவர்டிராஃப்ட் வசதி வாங்கியவர்கள் மட்டும் தப்பித்தார்கள்.

கார்டில் 'மினிமம் ட்யூ' என்று ஒரு வரி இருக்கும். பார்க்க சாதுவாக இருக்கும். பாக்கியில் 5 சதவீதம் என்று வையுங்கள்: 1,250. கட்டினால் அபராதம் வராது, நிஜம். ஆனால் அதில் வட்டிக்கும் வரிக்கும் 1,032 போனால், அசலில் கழிவது 218 ரூபாய். 25,000 கடனில் 218! அதோடு, பாக்கி வைத்திருக்கும் வரை, புதிதாக வாங்குகிற மளிகைக்கும் வட்டியில்லா நாள் சலுகை கிடையாது. வாங்கின நாளிலிருந்தே மீட்டர் ஓடும். கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் காசு எடுத்தாலோ, எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி, மேலே கட்டணமும்.

அதனால்தான் சொல்கிறேன்: கடன் தீரட்டும், அப்புறம் சேமிக்கலாம் என்பது கேட்க யோக்கியமாக இருந்தாலும் கணக்குக்கு ஒத்துவராது. கடன் இருக்கும்போதே ஒரு சின்னத் தொகை ஒதுங்கி நிற்க வேண்டும். நம் பாட்டிமார்கள் இதற்குச் 'சிறுவாடு' என்று பேர் வைத்திருந்தார்கள். தாத்தா வாங்கிய கடன் ஒரு பக்கம் ஓடும். கடுகு டப்பாவில் சிறுவாடு ஒரு பக்கம் சேரும். 'இருக்கிற பணத்தை எடுத்துக் கடனை அடைச்சுடேன்' என்று யார் சொன்னாலும் பாட்டி அசைய மாட்டாள். காமர்ஸ் படிக்காதவள்தான்.

எவ்வளவு வேண்டும்? ஆறு மாசச் சம்பளம் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். கடனில் இருக்கிறவனிடம் அதைச் சொல்வது, பசியில் இருக்கிறவனிடம் கல்யாண மெனு படிப்பது மாதிரி. என் கணக்கு: ஒரு மாச இ.எம்.ஐ., கூடவே ஒரு மாச அரிசி-பருப்பு-வாடகை. அவ்வளவுதான் முதலில். அது சேரும்வரை தவணையைத் தவறாமல் கட்டுங்கள். அதற்கு மேல் லோனில் ஒரு ரூபாயும் கூடுதலாகப் போடாதீர்கள். சேர்ந்த பிறகு கூடுதலாக வருவதை லோனில் போடலாம். அப்போதும் முன்கட்டணத்துக்கு அபராதம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனிநபர்களின் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனுக்கு அந்த அபராதத்தை ரிசர்வ் வங்கி 2012-லேயே நிறுத்தச் சொல்லிவிட்டது. ஃபிக்சட் வட்டி பர்சனல் லோனில் பல இடங்களில் உண்டு. ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே கார்டு பாக்கி ஓடிக்கொண்டிருந்தால், சிறுவாட்டைப் பத்தாயிரத்தோடு நிறுத்திக்கொண்டு முதலில் கார்டைக் கொல்லுங்கள். 42 சதவீத வட்டிக்கு எதிரே எந்தச் சேமிப்பும் நிற்காது.

எங்கே வைப்பது? சம்பளக் கணக்கில் வேண்டவே வேண்டாம். வேறொரு பேங்கில், ஜிபே, போன்பே எதிலும் இணைக்காத கணக்கு. எடுக்க வேண்டுமானால் சட்டை மாட்டிக்கொண்டு ஏ.டி.எம். வரை நடக்க வேண்டும். அந்த நடையிலேயே பாதி ஆசை தீர்ந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு பிரியாணி ஆர்டர் செய்பவர்கள் கடுகு டப்பா வரை எழுந்து போக மாட்டார்கள் என்பது என் அனுபவ ஆராய்ச்சி.

சிறுவாடு போதவில்லை, பெரிய செலவு வந்துவிட்டது... அப்போது? கடன் வாங்குமுன், ஏற்கெனவே நமக்குச் சேர வேண்டியதைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள். பிடித்தம் தெரியும், ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று தெரியாது என்கிறவர்கள் எத்தனை பேர்! நம்மை நம்பியிருக்கும் அப்பா, அம்மாவுக்கும் அதில் வைத்தியம் உண்டு. ஊரில் தனி ரேஷன் கார்டோடு, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் பெற்றோருக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கியாயிற்றா? குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை அதில் உண்டு. இதை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு தேடக் கூடாது. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது முடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஆபீஸ். சம்பள அட்வான்ஸ், பணியாளர் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அதில் கடன். மேனேஜரிடம் போய் நிற்கக் கூச்சமாக இருக்கும். கூச்சத்துக்கு வட்டி கிடையாது, போய்க் கேளுங்கள். வைத்தியத்துக்கு பி.எஃப். பணத்தில் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம், ஆனால் அது அறுபது வயசு உங்களிடமிருந்து பிடுங்குகிற பணம் என்று ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்து நகைக்கடன். நம்ம ஊரில் அடகு என்றாலே மானம் போனமாதிரி ஒரு முகம். கார்டில் மாசம் மூன்றரை சதவீதம் தருவதில் போகாத மானம், பேங்கில் வருஷம் பத்து சதவீதச் சுமாரில் நகை வைப்பதில் போய்விடுமா? நகை மனைவியுடையது என்றால், கேட்டு வாங்குங்கள்; அவர் தலையெழுத்தே என்று கழற்றித் தருகிற மாதிரி நிலைமையை வைக்காதீர்கள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். தருகிறார்களே என்று அத்தனையும் வாங்காதீர்கள். 25,000 தேவைக்கு ஒரு மோதிரம் போகும் இடத்தில் ஆரம் எதற்கு?

போகவே கூடாத இடம் இரண்டு. ஒன்று தண்டல். 10,000 என்பார்கள், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள். கேட்க எளிசு. வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். கந்து, மீட்டர், தண்டல் எல்லாவற்றுக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்னொன்று, செல்போனில் ஐந்து நிமிஷத்தில் பணம் என்கிற முகம் தெரியாத ஆப்கள். கடன் தரும் ஆப், போனில் உள்ள நண்பர்கள் நம்பர்களைத் தொடவே கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது. உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டுக்கு அனுமதி கேட்டாலே அது எந்த ஜாதி ஆப் என்று புரிந்துகொள்ளலாம். மாமனார் நம்பரும் அதில்தான் இருக்கிறது.

எல்லாம் பார்த்தும் இந்த மாசத் தவணைக்குப் பணம் இல்லை என்றால், தேதிக்கு முன்பே லோன் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் உடனே தள்ளிப்போடுவார்கள் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் தேதி மாற்றவோ, காலம் நீட்டித்துத் தவணையைக் குறைக்கவோ பேச இடம் இருப்பது பவுன்ஸ் ஆவதற்கு முன்னால்தான். பவுன்ஸ் ஆனால் உங்கள் பேங்க் ஒரு கட்டணம், லோன்காரர் ஒரு கட்டணம், நாள் கடந்தால் சிபிலில் ஒரு கறுப்புப் புள்ளி. ஆஸ்பத்திரியிலும், காலேஜிலும்கூடக் கேளுங்கள், 'பாதி இப்போ, பாதி சம்பளத்தன்று' என்று. கேட்பவர்களுக்குக் கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி இப்போது கார்டை அடைத்துவிட்டார். அம்மாவின் ஒரு ஜோடி வளையல் பேங்கில் இருக்கிறது. தையில் மீட்பதாகத் திட்டம். லோன் முடிவது அவர் நினைத்ததைவிட நாலு மாசம் தள்ளிப்போகிறது. அதில் வருத்தம்தான். ஆனால் தனிக் கணக்கில் 18,000 சேர்ந்திருக்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். சிறுவாட்டை எதற்கெல்லாம் தொடலாம்? ஆடித் தள்ளுபடி சேராது. நண்பன் பேச்சிலர் பார்ட்டி சேராது. வண்டி நின்றுபோனால் சேரும், வண்டிக்கு அலாய் வீல் போடுவது சேராது. மிக்ஸி ரிப்பேர் சேருமா, சேராதா? எங்கள் வீட்டில் அந்த வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை இட்லிக்கு மிளகாய்ப்பொடி.