22 கோப்பை கண்ட பழைய அரங்கு!

கனடாவில் ஹாக்கி என்றால் புல்தரை ஆட்டம் அல்ல. அடியில் கத்தி பொருத்திய பூட்ஸ் அணிந்து, பனிக்கட்டித் தரையில் சறுக்கி ஓடி, ரப்பர் வட்டை அடிக்கும் ஆட்டம்!

மாண்ட்ரீல் நகர மக்களுக்கு அந்த ஆட்டத்தின் கோவில், 1924-ல் திறந்த "போரம்" அரங்கு. உள்ளூர் "கனேடியன்ஸ்" அணி அங்கு ஆடிய காலத்தில் 22 முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது.

கண் கலங்கிய வீரர்

1996 மார்ச் 11-ந் தேதி அங்கு கடைசி ஆட்டம். கனேடியன்ஸ் வென்றது. பிறகு மாரீஸ் ரிச்சர்டு களத்துக்கு வந்தார். 1944-45-ல் 50 ஆட்டங்களில் 50 கோல் போட்டவர் அவர். கூட்டம் எழுந்து நின்றது. கைதட்டல் பல நிமிடம் ஓயவில்லை. முதியவரின் கண்கள் கலங்கின.

புது மாளிகை

ஐந்தே நாளில் புது அரங்கில் ஆட்டம் தொடங்கியது. பழையதில் சுமார் 18 ஆயிரம் பேர் பார்க்கலாம். புதியதில் 21 ஆயிரம் பேருக்கு மேல்! பணக்காரர்களுக்குத் தனி அறைகள் வேறு. பழைய அரங்கிலோ சினிமாவும் கடைகளும் புகுந்தன.

ஆனால் புது அரங்குக்குப் போன பின், 2025 வரை கனேடியன்சுக்கு ஒரு கோப்பை கூடக் கிடைக்கவில்லை!

கட்டிடத்தின் மேல் குற்றம் இல்லை. 1942 முதல் 25 ஆண்டுகள் மோதியவை 6 அணிகள்தான். 2021 முதல் 32 அணிகள்!

பெரிய மாளிகை கட்டப் பணம் போதும். கோப்பையை ஆடித்தான் வெல்ல வேண்டும்!