எரிந்த கூரைக்குள் மீண்டும் ஒரு நடை

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில், கசூபி குன்றின் மேல், அந்நாட்டின் பாரம்பரிய அரசுகளில் ஒன்றான புகண்டாவின் அரசர்கள் நால்வரின் கல்லறைகள் உள்ளன. 1882-இல் அரண்மனையாகக் கட்டப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் அரச குடும்பத்தின் அடக்கத்தலமாக மாறிய இடம் இது. நடுவில் மரமும் நாணலும் புல்லும் கொண்டு எழுப்பிய பெரிய வட்டக் குடில். உள்கூரையில் 52 வளையங்கள். புகண்டாவின் குலங்களும் 52. 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இக்குடில், 2010 மார்ச் 16 இரவு எரிந்து சாம்பலானது.

அதன் அளவுகள் மட்டும் தப்பின. முந்தைய ஆண்டுதான் சையார்க் என்ற லாப நோக்கற்ற அமைப்பு குடிலை லேசர் ஸ்கேனரால் பதிவு செய்திருந்தது.

சையார்க்கின் நிறுவனர் பென் கசீரா, இராக்கின் மோசூல் நகரில் பிறந்த பொறியாளர். எடுத்துச் செல்லக்கூடிய லேசர் ஸ்கேனரை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. 2001-இல் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகளைத் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்தது அவரை உலுக்கியது. இருப்பவற்றையாவது அளந்து வைத்துவிட வேண்டும் என்று 2003-இல் இந்த அமைப்பைத் தொடங்கினார்.

ஸ்கேனர் ஒளிக்கற்றையைச் சுவரின் மீது பாய்ச்சி, அது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேரும்போது, மில்லிமீட்டர் கணக்கில் கட்டடத்தின் வடிவம் கணினியில் உருவாகிறது. அதன் மீது புகைப்படங்களிலிருந்து வண்ணத்தை ஏற்றுகிறார்கள். மெய்நிகர் கண்ணாடியை அணிந்தால், இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட காட்சிகள் தெரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். மூளை அந்த இடத்துக்குள்ளேயே நிற்பதாக உணர்கிறது.

மியான்மரின் பகானில் இதன் பயன் தெளிவாகத் தெரிந்தது. அங்குள்ள அனந்த ஓக் கியாவுங் மடாலயத்தின் உட்சுவர்கள் முழுக்க ஓவியங்கள். 2016 ஆகஸ்ட் 24-இல் ஏற்பட்ட 6.8 அளவுள்ள நிலநடுக்கம் பகானின் நூற்றுக்கணக்கான கோயில்களைச் சேதப்படுத்தியது. இந்த மடாலயமும் தப்பவில்லை. ஆனால் சையார்க் குழு முன்னதாகவே அதைப் பதிவு செய்திருந்தது. 2018-இல் கூகுளுடன் சேர்ந்து அதை மெய்நிகர் காட்சியாகவும் வெளியிட்டது.

இது வெறும் வேடிக்கைக் காட்சி அல்ல. சேதத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், எந்தச் சுவர் எவ்வளவு சாய்ந்தது, எந்த விரிசல் புதியது என்பது தெரிந்துவிடும். சாரம் கட்டாமலே விதானத்தை நெருங்கி ஆராயலாம். பழைய ஓவியத்தைத் தொடாமலே மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம்.

இருந்தாலும், ஸ்கேனருக்குத் தெரிவது மேற்பரப்புதான். புல்லை எந்தப் பதத்தில் அறுப்பது, எப்படிக் கற்றையாகக் கட்டுவது என்பதெல்லாம் புள்ளிகளில் பதிவாகாது. கசூபியில் அந்த அறிவு, வழிவழியாகக் கூரை வேயும் ங்கேயே குலத்தாரிடம் இருக்கிறது. அவர்களிடமிருந்து இளைஞர்கள் கற்றுக்கொள்வதும் பாதுகாப்புப் பணியின் ஒரு பகுதிதான். மெய்நிகர் காட்சிக்குச் செலவிடும் அக்கறை அந்தக் கைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

கசூபி குடில் மீண்டும் எழுந்தது. 2010-இல் ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் அதைச் சேர்த்த யுனெஸ்கோ, 2023-இல் அப்பட்டியலிலிருந்து நீக்கியது.