பிடரி நீருக்குக் கிருமிதான் காரணமா?

கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேனில், சிசுவின் பிடரித் தோலுக்கு அடியில் தேங்கியிருக்கும் நீரை அளக்கிறார்கள். தலை முதல் பிட்டம் வரை 45 முதல் 84 மில்லிமீட்டர் நீளமே உள்ள சிசுவில், அந்த நீரின் தடிமன் 3.5 மில்லிமீட்டரைத் தாண்டுவது ஏறக்குறைய நூறில் ஒருவருக்குத்தான். ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்ததும், 'ஏதாவது இன்ஃபெக்ஷனா?' என்ற கேள்வி எழும். அடுத்து, சிசுவைப் பாதிக்கும் தொற்றுகளைத் தாயின் ரத்தத்தில் தேடும் டார்ச் டெஸ்ட் எழுதப்படும். ஆனால் இங்கே கிருமியைத் தேடுவது முதல் வேலை அல்ல. இந்த நீருக்கும் குரோமோசோம் கோளாறுக்கும் உள்ள தொடர்பை லண்டனில் நிக்கோலைடிஸ் குழுவினர் 1992-ல் எடுத்துக்காட்டினர். குரோமோசோம் சரியாக இருந்தால் அடுத்து இதயக் குறைபாட்டைப் பார்க்க வேண்டும் என்பது பின்னர் தெளிவானது. அதே குழுவினர், நீர் அதிகமிருந்தும் குரோமோசோம் சரியாக இருந்த 426 கர்ப்பங்களை ஆராய்ந்து 1997-ல் எழுதினார்கள்: தாய்மாரில் அண்மைத் தொற்று இருந்தது 1.5 சதவீதத்தினருக்கு மட்டுமே. அவர்களின் குழந்தைகள் யாருக்கும் அது பரவியிருக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு: பார்வோ வைரஸ் பி19. ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கும் செல்களையே அது அழிப்பதால், சிசுவுக்குக் கடும் ரத்தசோகை வந்து, இதயம் தளர்ந்து, உடலெங்கும் நீர் கோக்கலாம். டாப்ளர் ஸ்கேனில் சோகையைக் கண்டுபிடித்து, தொப்புள்கொடி வழியே ரத்தம் ஏற்றிக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆகவே, இந்தத் தொற்றின் அடையாளமாகத் தாய்க்குச் சமீபத்தில் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வந்திருந்தாலோ, வீட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்து தடித்திருந்தாலோ டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

'எல்லாவற்றையும் டெஸ்ட் செய்துவிட்டால் என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. டார்ச் டெஸ்டில் ஐஜிஜி என்ற எதிர்ப்பணு பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் எப்போதோ வந்துபோன தொற்று அல்லது தடுப்பூசியின் அடையாளம். ஐஜிஎம் என்ற எதிர்ப்பணு பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். தொற்று தீர்ந்த பின்னும் அது பல மாதங்கள் நீடிக்கவும் செய்யும். அந்த ஒரு தாளை நம்பித் தேவையில்லாத மருந்து சாப்பிடுவதும், நல்ல கர்ப்பத்தைக் கலைப்பதும் எவ்வளவு கொடுமை! 'ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ்கள் சிசுவைத் தாக்காதா?' என்றால், நிச்சயம் தாக்கும். ஆனால் அவற்றின் அடையாளங்கள் ஸ்கேனில் பெரும்பாலும் பிந்தைய மாதங்களில்தான் தெரியும். ரூபெல்லாவுக்குத் தடுப்பூசியைக் கருத்தரிப்பதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பென்சிலினால் தீர்க்கக்கூடிய சிஃபிலிஸுக்கு, ஸ்கேன் எப்படி இருந்தாலும் எல்லாக் கர்ப்பிணிகளும் டெஸ்ட் செய்துகொள்வதே முறை. பிடரி நீர் அதிகம் என்று தெரிந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: குரோமோசோம் பரிசோதனை எப்போது, சிசுவின் இதய ஸ்கேன் எப்போது? நீர் அதிகமிருந்தும் இவ்விரண்டும் சரியாக அமைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள்.