பாறைக்கு ஐந்தொகை எழுதிய ஆசிரியர்

கொல்கத்தாவில் வாழும் நேயர்களுள் சிலர், செயின்ட் ஜான் தேவாலயத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறையைக் கண்டிருக்கக்கூடும். அதில் பதித்துள்ள கல், சென்னையை அடுத்த பல்லாவரம் பக்கத்துக் கல்வகை; நம்மைப் போல அதுவும் பிறந்த மண்ணை விட்டுப் போனதுதான். தாமஸ் ஹாலண்டு என்ற நிலநூலார் அவ்வகைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். மும்பையிலும் புனேயிலும் வாழ்வோர் காலடியில் இருப்பதோ, எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. இவ்வாறு இடத்துக்கு இடம் மாறும் கற்களையெல்லாம் ஒன்றாகக் கலந்து பார்த்தால், பூமியின் மேலோடு எதனால் ஆயது என்று சொல்ல முடியுமா? முடியும் என்று நம்பி உழைத்தவர் ஓர் அமெரிக்க ரசாயன ஆசிரியர்.

பிராங்க் விகிள்ஸ்வொர்த் கிளார்க் 1847-இல் பாஸ்டனில் பிறந்தார். ஹோவர்டு சர்வகலாசாலையில் சிறிது காலம் போதித்தபின், 1874 முதல் 1883 வரை சின்சினாட்டி சர்வகலாசாலையில் ரசாயனமும் பௌதிகமும் கற்பித்தார். வகுப்பு நடத்திய அவ்வாண்டுகளிலேயே அவருடைய மனப்போக்கு வெளிப்பட்டுவிட்டது. பிறர் கண்ட அளவுகளைத் திரட்டி, எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்று சீர்தூக்குவதில் அவருக்குத் தணியாத ஆர்வம். அணு எடைகளை அம்முறையில் மீண்டும் கணக்கிட்டு 1882-இல் வெளியிட்டார். இது கணக்கப்பிள்ளை வேலைதானே என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும், அந்த வேலையில் கைதேர்ந்தவருக்கே அடுத்த பணி கைகூடியது.

1883-இல் அவர் அமெரிக்க நில ஆய்வுத் துறையின் தலைமை ரசாயனராகி, 1924 வரை அப்பதவியில் இருந்தார். மேலோட்டின் சராசரிச் சேர்க்கையை 1889-இல் முதன்முறை மதிப்பிட்டார். புவி ரசாயன விவரங்களைத் தொகுத்த அவரது பெருநூல் 1908-இல் வெளிவந்தது. பின்னர் ஹென்றி வாஷிங்டனுடன் சேர்ந்து 5,159 பாறைப் பகுப்புகளுக்குச் சராசரி கண்டு 1924-இல் வெளியிட்டார். சார்னாக்கைட்டைப் பற்றியும் தக்காணக் கரும்பாறையைப் பற்றியும் தனித்தனியே ஆராய்ந்து எழுதியவர் இந்த வாஷிங்டன்.

கண்ட முடிவு வியப்பானது. நெருப்பில் பிறந்த பாறைகளின் எடையில் ஏறத்தாழ 47 சதவீதம் பிராணவாயு! நாம் மூச்சாக இழுக்கும் அதே பொருள்தான், கல்லுக்குள் பிற தனிமங்களோடு கட்டுண்டு கிடக்கிறது. அடுத்து சிலிக்கன் 28, அலுமினியம் 8, இரும்பு 5. எட்டுத் தனிமங்களே 98 சதவீதத்துக்கு மேல் கொள்ள, எஞ்சியவையெல்லாம் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வீடுதோறும் புழங்கிய செம்பைவிட, பலர் பெயரும் அறியாத டைட்டேனியம் பன்மடங்கு மிகுதி. செம்பு ஓரிடத்தில் திரண்டு தாதுவாகக் கிடைப்பதால் மனிதன் கைக்கு எளிதில் எட்டியது. டைட்டேனியத்தைப் பிரித்தெடுப்பது கடினம்.

தனிமம் ஒன்றின் சராசரி அளவுக்குக் "கிளார்க்" என்றே பெயர் வைக்கலாம் என்று ருஷ்ய அறிஞர் பெர்ஸ்மன் 1923-இல் கூறினார்.

ஆயினும் ஓர் ஐயம் நியாயமானது. கண்ட கற்களைப் பகுத்துச் சராசரி எடுத்தால், அது காணாத கற்களுக்கும் பொருந்துமா? நார்வேயில் கோல்ட்ஸ்மிட் வேறு வழி தேடினார். பழங்காலப் பனிப்பாறைகள் பரந்த நிலப்பரப்பைத் தேய்த்து அரைத்துச் சென்ற களிமண்ணில், 77 மாதிரிகளைப் பகுத்தார். இயற்கையே அரைத்துக் கலந்து வைத்த மாவு அது! நீரில் கரைந்து போகும் சோடியமும் கால்சியமும் சற்றுக் குறைந்திருந்தன. மற்றவை கிளார்க்கின் கணக்கோடு பெரும்பாலும் ஒத்தன. அம்முடிவு 1933-இல் அச்சேறியது. கிளார்க் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார்.